நான் போன பிறகும் ஓடுமா?

எங்கள் வீட்டு ஹாலில், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. திரை உடைந்துவிட்டது. பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "இதை ஏன் சார் இன்னும் வெச்சிருக்கீங்க, பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாமே" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவேன்.

அதற்குள் என் மாமியாரின் குரல் இருக்கிறது. இருந்திருக்க வேண்டியதில் ஒரு பகுதிதான் இருக்கிறது. மீதி ஏன் இல்லை என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. அதை எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும். இதே மாதிரி வீட்டில் பழைய கம்ப்யூட்டரை வைத்து ஏதாவது செய்துகொண்டிருக்கும் நண்பர்கள் யாருக்காவது உதவவும் கூடும்.

அத்தைக்கு அப்போது 86 வயது. எங்களோடுதான் இருந்தார். கண் மங்கிவிட்டது, காது மந்தம், ஆனால் வாய் மட்டும் ஓயாது. சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் ஊஞ்சலில் உட்கார்ந்து ஏதாவது பழங்கதை சொல்லுவார். வடாம் மாவுக்கு உப்பு எவ்வளவு, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், 1952 புயலில் அவர்கள் ஊர் என்ன ஆயிற்று என்று ஒன்றும் பாக்கி இருக்காது. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு அந்தப் புயலைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு அப்போது 16 வயது.

ஒருநாள் என் மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா பேசுவதையெல்லாம் தன் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தாள். தினமும் இல்லை, வாரத்துக்கு இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் அரைமணி, முக்கால்மணி வரும்.

"போன்ல மட்டும் வெச்சிருந்தா ஆபத்து. நான் ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றேன். அங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது.

ரிட்டையர் ஆன பிறகு லினக்ஸ் கற்றுக்கொண்டவன் நான். பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பித்து வைத்த, யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்ற அந்த சிஸ்டத்தை என் பழைய லேப்டாப்பில் போட்டேன். அதில் சிங்க்திங் என்ற இலவச மென்பொருள். ஒரு கருவியில் இருக்கும் ஃபோல்டரை இன்னொரு கருவியில் அப்படியே நகல் வைத்துக்கொள்ளும். மனைவியின் போனிலும் அதையே போட்டேன். போனில் ஒரு பதிவு சேர்ந்தால், வீட்டு வைஃபை வழியாக லேப்டாப்புக்கு ஒரு நகல் வந்துவிடும். நடுவில் எந்தக் கம்பெனியின் கிடங்கும் கிடையாது. எனக்கு அதில் ஒரு பெருமை.

இந்த மாதிரி, திரையில் எதுவும் காட்டாமல், யாரும் பட்டனைத் தட்டாமல், பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்காரனுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் டீமன். 1963 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் புராஜெக்ட் மாக் என்ற திட்டத்தில் வேலை செய்தவர்கள் வைத்தது. இயற்பியல் படித்தவர்களுக்கு மேக்ஸ்வெல் கற்பனை செய்த குட்டிப் பூதம் ஞாபகம் இருக்கும். பெட்டிக்கு நடுவில் ஒரு கதவருகே நின்றுகொண்டு, வேகமாக வரும் மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவாக வருவதை மறுபக்கமும் சலிக்காமல் பிரித்து அனுப்பும் பூதம். அதை நினைத்துத்தான் அந்தப் பெயர். நம் ஊர்க் கதையில் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய பூதம் வருமே, அதற்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூதத்தை யார் பெயரில் வேலைக்கு வைப்பது என்பது அடுத்த கேள்வி. லினக்ஸில் ரூட் என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டின் எல்லா அறைக்கும், பீரோவுக்கும், லாக்கருக்கும் ஒரே சாவி அது. அந்தப் பெயரில் ஓடும் நிரலில் ஒரு ஓட்டை இருந்து, வெளியாள் அதன் வழியாக நுழைந்தால் வீடு மொத்தமும் அவன் கையில். அதனால் வெளியுலகத்தோடு பேசும் வேலைக்காரனிடம் பெரிய சாவியைக் கொடுக்கக் கூடாது. அவன் வேலைக்கு எந்த அறை வேண்டுமோ அந்த அறைச் சாவி மட்டும் போதும். இதைப் பல இடங்களில் படித்திருந்தேன். ஆகவே என் சொந்தக் கணக்கின் பெயரிலேயே சிங்க்திங்கை ஓடவிட்டேன். இன்னொரு லாபமும் உண்டு. வந்து சேரும் கோப்புகள் என் பெயரில் இருக்கும். ரூட் பெயரில் ஓடினால் கோப்புகளும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். சொந்த மாமியார் குரலைக் கேட்க பெரிய சாவியைத் தேட வேண்டியிருக்கும்.

இது வரைக்கும் நான் செய்தது சரி.

லேப்டாப்பின் திரை உடைந்தது என்று சொன்னேன் அல்லவா? அதனால் என் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து வலைவழியாகத்தான் அதற்குள் நுழைவேன். மூடி வைத்தாலும் தூங்கிவிடாதபடி அமைத்து, இன்வெர்ட்டர் லைனில் செருகி, ஒரு ஓரத்தில் வைத்துவிட்டேன். தினமும் காலையில் காபி குடித்துவிட்டு உள்ளே நுழைந்து, சிங்க்திங் எப்படி இருக்கிறது என்று நிலவரம் கேட்பேன். பச்சை எழுத்தில் "ஓடிக்கொண்டிருக்கிறது" என்ற அர்த்தத்தில் பதில் வரும். ஃபோல்டரைத் திறந்தால் முந்தின நாள் பதிவு வந்து உட்கார்ந்திருக்கும். திருப்தியாக வெளியே வந்துவிடுவேன். இப்படி ஒரு மூன்று மாதம் போயிற்று.

பிறகு பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு இருதய ஆப்பரேஷன். துணைக்கு நான் போனேன். பத்து நாளில் திரும்பலாம் என்று போனது 40 நாள் ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வீட்டு லேப்டாப்புக்குள் நுழைய நான் வழி வைத்திருக்கவில்லை. பாதுகாப்பு என்று நானே அடைத்து வைத்தது. அது பாட்டுக்கு ஓடுகிறது, நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

நான் கிளம்பிய அன்றைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அத்தை புயல் கதையை முறையாக ஆரம்பித்திருந்தார். மத்தியானமே வானம் இருண்டது, மாடுகள் கட்டுத்தறியில் நிற்கமாட்டாமல் கத்தியது, தாத்தா எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொன்னது வரைக்கும் வந்து, "மீதியை நாளைக்குச் சொல்றேண்டி, தொண்டை வறண்டு போச்சு" என்று நிறுத்தினார்.

பெங்களூரில் ஐந்தாவது வாரம் மனைவியிடமிருந்து பக்கத்து வீட்டு நம்பரில் போன். "ஏங்க, என் போன் துணி ஊற வெச்ச பக்கெட்ல விழுந்துடுச்சு. கடையில குடுத்தேன். போர்டே போயிடுச்சுங்கறான். ஒண்ணும் எடுக்க முடியாதாம். அம்மா பேசினதெல்லாம்..."

நான் அவளை முடிக்க விடவில்லை. "அடடா, அதுக்குத்தானே லேப்டாப் வெச்சிருக்கேன்! எல்லாம் அதுல பத்திரமா இருக்கும். கவலையே படாதே" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஊருக்குத் திரும்பிய அன்று இரவே லேப்டாப்புக்குள் நுழைந்தேன். நிலவரம் கேட்டேன். பச்சை எழுத்து. ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபோல்டரைத் திறந்தேன். கடைசிப் பதிவு, நான் பெங்களூர் கிளம்பிய நாளுக்கு முந்தின நாளுடையது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இருக்கா?" என்றாள். "தேடிட்டிருக்கேன்" என்றேன். அந்த 40 நாளில் ஒன்பது பதிவு செய்திருந்தாளாம். அத்தைக்கோ, நான் ஊரில் இல்லாதபோதே லேசாக வாதம் வந்து பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் அக்கா பையனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மாமா, தினமும் பார்த்துட்டு லாகவுட் பண்ணிடுவீங்களா?"

"ஆமாம். வேலை முடிஞ்சா கதவைச் சாத்திட்டு வர வேண்டாமா?"

"நீங்க கதவைச் சாத்தினதும் அதுவும் கிளம்பிடும் மாமா. நீங்க உள்ள வந்தா அதுவும் வரும்."

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். இப்போது பெரும்பாலான லினக்ஸ்களில் சிஸ்டம்டி என்ற ஒரு மேலாளர் இருக்கிறார். 2010-ல் வந்தவர், 2015-க்குள் டெபியன், உபுண்டு எல்லாவற்றிலும் இடம் பிடித்துவிட்டார். மிஷினைப் போட்டதும் முதல் ஆளாக எழுந்து, அணைக்கும் வரை இருக்கும் பெரிய மேஸ்திரி. அவர் போக, உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சின்ன மேஸ்திரியும் நியமிக்கப்படுவார். நான் என் பெயரில் வைத்த வேலைக்காரன் இந்தச் சின்ன மேஸ்திரியின் கீழ்தான். நான் உள்ளே நுழைந்தவுடன் சின்ன மேஸ்திரி வருவார், என் வேலைக்காரனை எழுப்புவார். நான் வெளியே போன சில நொடிகளில், "ஐயா கிளம்பிட்டார், எல்லோரும் கிளம்புங்க" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார். இதில் கோளாறு எதுவும் இல்லை. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

ஆக, தினமும் காலையில் நான் பார்க்கப் போனதால்தான் அது எழுந்து நின்றது! நான் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் முந்தின நாள் பதிவை அவசரமாக வாங்கி வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து, இரவெல்லாம் விழித்திருந்து வேலை செய்ததாக நான் நினைத்துக்கொண்டேன். அதிகாரி ரவுண்டு வரும்போது மட்டும் நாற்காலியில் இருக்கும் ஊழியர்களை நான் சர்வீஸில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வீட்டுக்குள்ளேயே ஒருவனை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை.

இத்தனைக்கும் அத்தாட்சி என் கண் முன்னாலேயே இருந்தது. அந்தப் பச்சை எழுத்துக்குப் பக்கத்திலேயே, எப்போதிலிருந்து ஓடுகிறது என்ற கணக்கும் வரும். தினமும் அதில் சில நொடிகள்தான் காட்டியிருக்கும். மூன்று மாதமாக ஓடும் வேலைக்காரன் "வந்து எட்டு நொடி ஆச்சு" என்கிறான். நான் பச்சை நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

எனக்கு இன்னும் அதிகமாக உறைத்தது வேறொன்று. நான் 34 வருஷம் இருந்தது தொலைபேசித் துறையில். எக்ஸ்சேஞ்சில் எல்லாமே 48 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஊரே இருட்டானாலும் போன் போகாது. யாரும் பார்க்காதபோதும் ஓட வேண்டும் என்பதுதான் அந்த வேலையே. லைன் சரியாக இருக்கிறதா என்று உள்ளே நின்று மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. வெளியே சந்தாதாரர் வீட்டிலிருந்து டயல் செய்து பார்க்க வேண்டும் என்று புதிதாக வரும் பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பிறந்ததே ஒரு தொலைபேசிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில்தான். 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் தூரத்திலிருந்து போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைவார்கள். ரிசீவரை வைத்து லைன் அறுந்தால், அவர் ஓடவிட்ட நிரல்களுக்கு ஒரு சமிக்ஞை போகும். பெயர் ஹப், எண் 1. ஹேங் அப் என்பதன் சுருக்கம். "ஐயா போனை வைத்துவிட்டார்" என்று அர்த்தம். அது கிடைத்ததும் நிரல்கள் சாதாரணமாக வேலையை முடித்துக்கொள்ளும். முடிக்கக் கூடாது என்றால் நோஹப் என்று முன்னால் போட்டுத் தொடங்க வேண்டும். வேலைக்காரனை விட்டுவிட்டு ஐயா வெளியே போவது என்ற பிரச்சினை அன்றிலிருந்தே இருக்கிறது. போன் லைனோடு வாழ்ந்த எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

சரி, தீர்வு என்ன? அக்கா பையன் இரண்டு வழி சொன்னான். ஒன்று, வேலைக்காரனைப் பெரிய மேஸ்திரியிடமே சேர்த்துவிட்டு, "இவன் இன்னார் பெயரில்தான் வேலை செய்ய வேண்டும், பெரிய சாவி கிடையாது" என்று அவன் உத்தரவில் ஒரு வரி எழுதிவிடுவது. இரண்டு, சின்ன மேஸ்திரிக்கு, "நான் போனாலும் நீ இரு" என்று அனுமதி வாங்கித் தருவது. எனக்கு இரண்டாவது பிடித்தது. லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் என்று அடித்து, பின்னால் என் கணக்கின் பெயர். அவ்வளவுதான். லிங்கர் என்றால் தங்கியிருப்பது. அதன்பின் மிஷின் எழும்போதே என் சின்ன மேஸ்திரியும் எழுந்துவிடுவார். நான் உள்ளே வந்தாலும் வராவிட்டாலும் மிஷின் அணையும் வரை இருப்பார்.

இந்த அனுமதியை சிஸ்டம்டி எங்கே குறித்துவைக்கிறது என்று தேடிப்போய்ப் பார்த்தேன். லிங்கர் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் என் பெயரில் ஒரு கோப்பு. திறந்தால் உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயர் அங்கே இருந்தால் போதுமாம்.

இதை ஏன் எல்லோருக்கும் முதலிலேயே கொடுத்துவிடவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "மாமா, நூறு பேர் ஒரே மிஷினுக்குள்ள வந்து போற காலேஜை நினைச்சுப் பாருங்க. எல்லாரும் ஆளுக்கொரு வேலைக்காரனை விட்டுட்டுப் போனா மிஷின் என்ன ஆகும்?" என்றான். நியாயம்தான். தங்குவதற்குக் கேட்டு வாங்க வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. நிரல் ஏதாவது கோளாறில் விழுந்தால் தானே மறுபடி எழவேண்டும் என்று அதன் உத்தரவில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஹோம் ஃபோல்டரைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு, நீங்கள் வந்து திறக்கும்வரை வேலைக்காரனால் உள்ளே கை வைக்க முடியாது. லிங்கர் போட்டும் பிரயோசனமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், சோதிக்கும் விதம். உள்ளே நுழைந்து பார்ப்பது சோதனையே அல்ல. இப்போது மாதம் ஒருமுறை லேப்டாப்பை அணைத்துப் போடுகிறேன். போட்டபின் நான் உள்ளே நுழைவதில்லை, மேஜைக் கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. மனைவியிடம் புதுப் போனைக் கொடுத்து, "லேப்டாப் இருக்குன்னு காட்டுதா பாரு" என்பேன். சந்தாதாரர் வீட்டிலிருந்து டயல் செய்து பார்ப்பது மாதிரிதான். அவள் "காட்டுது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஊஞ்சலில் உட்கார்ந்து, மேஸ்திரி கதையெல்லாம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மிஷினுக்கு நீங்க போனது தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் அது போனது தெரியலை" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அத்தை அடுத்த இரண்டு மாதத்தில் காலமானார். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, மனைவி ஒரு நீளமான கோடுபோட்ட நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தாள். அந்த ஒன்பது பதிவுகளையும் தான் கேட்ட ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். புயல் கதையின் இரண்டாம் பாதிதான் முதலில். கூடத்துக்கு எல்லோரும் வந்த பிறகு என்ன நடந்தது, எந்தப் பக்கத்து ஓடு முதலில் பறந்தது, விடிந்ததும் தென்னந்தோப்பு இருந்த இடம் எப்படி இருந்தது எல்லாம். அவள் எழுத்தில் அத்தையின் பேச்சு அப்படியே வருகிறது. குரல்தான் இல்லை.

நோட்டு முடிந்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல லேப்டாப்புக்குள் நுழையப் போன என்னைத் தடுத்தாள்.

"நீங்க போகாதீங்க. நீங்க போகாமலே வந்திருக்கான்னு பார்க்கணும்."

தன் போனை எடுத்துப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் இரவே போய்ச் சேர்ந்திருந்தது.